பேசாத மாணவிக்கு மார்க் குறைக்கலாமா?

வாசகர் கேள்வி:

"தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷமாகப் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இளங்கலை முதலாண்டு வகுப்பில் 58 பேர். ஆங்கில வழிதான் என்றாலும் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கேள்வி கேட்டால் அதே ஐந்து பேர்தான் பதில் சொல்கிறார்கள். எல்லாரையும் பேச வைக்கலாம் என்று இந்த செமஸ்டரில் இன்டர்னல் 25 மார்க்கில் 5 மார்க்கை வகுப்புப் பங்கேற்புக்கு ஒதுக்கினேன். டெஸ்டில் முதலிடம் வாங்கும் ஒரு மாணவி வாயே திறப்பதில்லை. அவளுக்கு 1 மார்க் போட்டேன். அவளுடைய அப்பா கல்லூரிக்கே வந்து, 'என் பொண்ணு அடக்கமா இருக்கறதுக்கு மார்க்கைக் குறைப்பீங்களா மேடம்?' என்று கேட்டுவிட்டார். குழு வேலையும் சரிவரவில்லை. ஏழு பேர் குழுவில் ஒருவர் செய்கிறார், இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் வாசிக்கிறார், எல்லாருக்கும் ஒரே மார்க். உழைத்தவர் என்னிடம் வந்து அழுகிறார். துறைத் தலைவரோ, 'இதெல்லாம் எதுக்கு, போர்ஷனை முடிங்க' என்கிறார். பங்கேற்புக்கு மார்க் போடுவது நியாயமா? மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்த அப்பா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் போட்ட 1 மார்க் அந்தப் பெண்ணின் சுபாவத்துக்குப் போட்டது. அவளுக்குத் தெரிந்த பொருளியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செமஸ்டர் தொடக்கத்தில் "பங்கேற்புக்கு 5 மார்க்" என்று மட்டும் அறிவித்திருப்பீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. என்ன செய்தால் 5, என்ன செய்தால் 3 என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அப்படி ஒதுக்கும் மார்க், ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களுக்குப் பரிசாகவும் மற்றவர்களுக்கு அபராதமாகவும்தான் போய் முடியும்.

மீதிப் பாதியில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. பேசாமல் இருப்பதை அடக்கம் என்று மெச்சி, மூன்று வருஷம் அவளை அப்படியே விட்டுவிடுவதும் அநியாயம்தான். நாளைக்கு அவள் ஒரு நேர்காணலிலோ, தான் பாடம் நடத்தப்போகும் வகுப்பிலோ, சொந்த ஊர் கிராம சபையிலோ தன் கருத்தைக் காரணத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் பொருளியலில், அடுத்தவர் வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, அதில் எந்த இடம் நிற்கவில்லை என்று பார்த்துப் பதில் சொல்வதுதான் பாடத்தின் மையம். அதை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை மட்டும் போடக் கற்றுக்கொண்டால் பட்டம் கிடைக்கும், படிப்பு கிடைக்காது.

ஆக, மார்க் போடலாம். ஆனால் பேசக் கற்றுக்கொடுத்த பிறகு போடுங்கள். தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற பாடத்தை, நடத்தாமல் பரீட்சையில் கேட்க மாட்டோம் இல்லையா? வகுப்பில் எப்படிக் கலந்து பேசுவது, குழுவில் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்வது என்பதையும் அதே மாதிரி ஒரு பாடமாக நினைத்து நடத்த வேண்டும். இந்த செமஸ்டரில் இதுவரை போட்ட பங்கேற்பு மார்க்கை, துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மொத்தமாக எடுத்துவிடுங்கள். அந்த மாணவிக்கு மட்டும் திருத்தினால் அப்பா வந்து சண்டை போட்டதால் ஏறியது என்று ஆகிவிடும். எல்லாருக்கும் புதுசாக ஆரம்பியுங்கள்.

இந்தப் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய காட்சி போதும். ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போவார். கிளாஸ் லீடர் சாக்பீஸை எடுத்து, கரும்பலகை ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்களை வரிசையாக எழுதுவான். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நல்ல பிள்ளை என்றால் அந்தப் பட்டியலில் பெயர் வராத பிள்ளை. பன்னிரண்டு வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, கல்லூரிக்குள் கால் வைத்ததும் பேசாததற்கு மார்க்கைக் குறைக்கிறோம். விதி தலைகீழாக மாறிவிட்டது என்பதை யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை.

அதோடு வேறு பயங்களும் உண்டு. தப்பான இங்கிலீஷில் பேசினால் பின் பெஞ்சில் சிரிப்பு வரும். சரியாகப் பேசினால் "பீட்டர் விடறா" என்ற கிண்டல் வரும். தமிழிலேயே பேசினாலும், பேச்சை வைத்து ஊரையும், ஊரை வைத்துச் சாதியையும் ஊகித்துவிடுவார்களோ என்று ஒடுங்கி உட்காரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். இதை நாம் வெளியே பேசுவதில்லை, ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. திக்குவாய், காது மந்தம் மாதிரி சொல்லத் தயங்கும் காரணங்களும் இருக்கலாம். அதனால் ஒருவரையும் எல்லார் முன்னாலும் நிறுத்தி "நீ ஏன் பேசவே மாட்டேங்கறே?" என்று கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "வகுப்பில் பேசுவதற்கு நான் என்ன மாற்றினால் உனக்கு எளிதாக இருக்கும்?" என்று கேளுங்கள். உடல் சார்ந்த காரணம் இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு வேறு வழி செய்து தருவது நம் கடமை.

இன்னொரு பக்கமும் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போன செயல்வழிக் கற்றல் உங்களுக்கு நினைவிருக்கும். தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் முறை. உங்கள் வகுப்பில் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்களில் சிலராவது அப்படி உட்கார்ந்து படித்தவர்களாக இருப்பார்கள். குழுவாகப் படிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. மேல் வகுப்புக்குப் போனதும் கைடும், முந்தைய வருஷக் கேள்வித்தாளும், பொதுத்தேர்வும் அதை மறக்கடித்துவிட்டன. தனியார் பள்ளிப் பிள்ளைகள்தான் பங்கேற்பில் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகாதீர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வரும். சேர்ந்து படிக்க வருமா என்பது வேறு கேள்வி.

சரி, என்ன செய்வது? முதலில் கேள்வியை மாற்ற வேண்டும். மானியம் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததே, அதை எடுத்துக்கொண்டு, "இந்தத் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் "நல்ல திட்டம் மேம்" என்பார், இன்னொருவர் "கவர்ன்மென்ட்டுக்கு நஷ்டம் மேம்" என்பார், அதோடு முடிந்தது. இவ்வளவு அகலமான கேள்விக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் அந்தப் பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்திருந்தால் மாசத்துக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? அந்தப் பணம் இப்போது எங்கே போகிறது?" இதற்குப் பதில் இல்லாத மாணவர் இருக்க மாட்டார். போக 10 ரூபாய், வர 10 ரூபாய், 25 நாள் என்றால் 500 ரூபாய் என்று ஒருத்தி கணக்குப் போடுவாள். அது பால் பாக்கெட்டுக்குப் போகிறது என்பார் ஒருவர், சீட்டு கட்டப் போகிறது என்பார் இன்னொருவர். "அக்கா முன்னாடி பக்கத்து மில்லுக்குப் போயிட்டிருந்தா, இப்ப டவுன்ல கூடுதல் சம்பளத்துக்குப் போறா" என்று மூன்றாவது ஒருவர் சொன்னால், நீங்கள் நடத்த வேண்டிய பாடத்தின் பாதி அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிடும். அப்புறம், "சரி, அந்த 500 ரூபாயைப் போக்குவரத்துக் கழகத்துக்கு யார் தருகிறார்கள்? அந்தப் பணத்தில் அரசு வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். வாய்ப்புச் செலவு என்ற சொல்லை அந்த இடத்தில் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் வாயால் சொன்னதற்கு ஒரு பெயர் கிடைக்கும்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதற்குள் வேறொருவரைக் கூப்பிட்டுவிடுவார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். நம் வகுப்பில் தமிழில் யோசித்து, மனசுக்குள் இங்கிலீஷாக்கி, தப்பு வருமா என்று பார்த்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும். மூன்று விநாடியும் போதாது. அந்த ஐந்து பேர் கை தூக்கிய உடனே அவர்களிடம் போகாமல் நீங்கள் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

அதைவிட நல்ல வழி, பேசுவதற்கு முன்னால் எழுதவைப்பது. இரண்டு நிமிஷம் எல்லாரும் நோட்டில் எழுதட்டும். அடுத்த இரண்டு நிமிஷம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். அப்புறம் வகுப்புக்குச் சொல்லட்டும். ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் எழுதி வைத்த முறை இது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்றால் காரணம் எளிது: மூன்றாவது கட்டத்துக்கு வரும்போது யார் கையும் வெறுங்கை இல்லை. அந்த நிலையில் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யாரும் நடுங்க மாட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று கேட்டால் போதும். பக்கத்திலிருப்பவர் சொன்னதைச் சொல்வது தன் கருத்தைச் சொல்வதைவிடச் சுலபம். அந்த மாணவிக்கு இதுதான் முதல் படியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தமிழை உள்ளே விடுங்கள். ஆங்கில வழி வகுப்பு என்பது யோசிப்பதற்கும் ஆங்கிலம்தான் வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. எழுதுவதும் பக்கத்தில் பேசுவதும் எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வகுப்புக்குச் சொல்லும்போது கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் போதும் என்று வையுங்கள். ஆங்கில வழிப் படிப்பானாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தேர்வுக்கே அப்படி என்றால் வகுப்புப் பேச்சுக்கு யார் தடை சொல்ல முடியும்? ஆங்கிலம் வளர வேண்டாமா என்று கேட்பார்கள். வளர வேண்டும். சொல்வதற்கு ஒரு விஷயம் கையில் இருக்கும்போது மொழி வளரும்.

இப்போது மார்க். இந்த யோசனை நம் ஊருக்குப் பெரும்பாலும் மேலாண்மைக் கல்லூரிகள் வழியாக வந்தது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பல பாடங்களில் மதிப்பீட்டில் பாதி வரை வகுப்பில் பேசுவதற்கே போகும். 1961இல் அவர்கள் ஒத்துழைப்போடு தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம்முக்கு அந்த முறை வந்தது. "சிபி" (கிளாஸ் பார்ட்டிசிபேஷன்) என்று எம்பிஏ மாணவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அங்கே முந்தைய நாளே ஒரு நிறுவனத்தின் கதையைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, சின்னக் குழுவில் விவாதித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி அரைவட்டமாகப் போட்ட இருக்கைகளில், பெயர்ப் பலகையோடு வந்து உட்காருகிறார்கள். முழு வகுப்பு நேரமும் பேச்சுக்குத்தான். நாம் அந்தக் கட்டமைப்பு எதையும் எடுத்துக்கொள்ளாமல் மார்க்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். நகர்த்த முடியாத பெஞ்சில் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு எப்படி விவாதிப்பது? குறைந்தது, அரைத் தாளை மடித்துப் பெயர் எழுதி எல்லாரும் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். "மூணாவது பெஞ்ச், ப்ளூ சுடிதார்" என்று கூப்பிடப்படுகிறவர் யாரும் மனசைத் திறந்து பேச மாட்டார்.

5 மார்க்கை நான் இப்படிப் பிரிப்பேன். இரண்டு மார்க் தயாரிப்புக்கு: வகுப்புக்கு வரும்போது, கொடுத்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு கேள்வியோ சந்தேகமோ எழுதிய அரைப் பக்கச் சீட்டு. இரண்டு மார்க் பங்களிப்புக்கு: வாயால் சொன்னாலும் சரி, எழுதிக் கொடுத்த கேள்வி வகுப்பில் விவாதிக்கப்பட்டாலும் சரி, ஒரு புள்ளிவிவரத்தைத் தேடிக் கொண்டுவந்தாலும் சரி. ஒரு மார்க் கேட்பதற்கு: முந்தைய வகுப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று ஐந்து வரியில் தொகுத்துக் கொடுப்பது. கடைசி மார்க்கைச் சின்னது என்று நினைக்காதீர்கள். அந்த ஐந்து பேச்சாளர்களில் சிலருக்கு அது கிடைக்காது. கேட்பதும் பங்கேற்புதான் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைக்கும்.

58 பேரையும் தினமும் கவனித்துக் குறிக்க ஒருவராலும் முடியாது. செய்கிறேன் என்பவர்கள் செமஸ்டர் கடைசியில் ஞாபகத்திலிருந்து போடுகிறார்கள், ஞாபகத்தில் நிற்பது சத்தமாகப் பேசியவர்கள் முகம்தான். அதனால் முதல் மூன்று வாரம் மார்க்கே வேண்டாம், பழகட்டும். மீதிப் பன்னிரண்டு வாரத்துக்கு வாரம் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவர் முறையும் இரண்டு தடவை வந்துவிடும். அந்தப் பத்துப் பேர் யார் என்பதை முந்தைய வாரமே அறிவித்துவிடுங்கள். தயங்குகிற பிள்ளைக்கு, தன் நாள் எது என்று தெரிந்தாலே பாதி தைரியம் வந்துவிடும். செமஸ்டர் நடுவில் ஒவ்வொருவருக்கும் இதுவரை எவ்வளவு என்று காட்டிவிடுங்கள். கடைசியில் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. செல்போன் பார்த்ததற்கும் லேட்டாக வந்ததற்கும் இந்த 5 மார்க்கில் கை வைக்காதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை வேறு, இது வேறு.

எதிர்பார்ப்பை எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கையில் கொடுத்து, வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். இந்த மாதிரி: "வகுப்புக்கு முன் கொடுத்ததைப் படித்து ஒரு கேள்வி எழுதி வாருங்கள். உங்கள் வாரத்தில் ஒரு முறையாவது உங்கள் கருத்தோ கேள்வியோ வகுப்புக்கு வர வேண்டும். தமிழில் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் மார்க் குறையாது. ஒருவர் சொன்னதை மறுக்கலாம், ஆனால் அவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும். யார் பேசும்போதும் சிரிக்கக் கூடாது." கடைசி வரியை நீங்கள் முதல் நாளே கறாராகக் காப்பாற்ற வேண்டும். முதல் சிரிப்பை விட்டுவிட்டால் மற்ற எல்லா வரியும் வெறும் காகிதம்தான்.

இனி குழு வேலை. ஏழு பேர் ரொம்ப அதிகம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துச் செய்த சோதனைகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவர் இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. 1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் கை தட்டுவதிலும் கத்துவதிலும் இதையே பார்த்தார்கள்: கூட்டத்தோடு செய்யும்போது மனுஷர் தனியாகச் செய்வதைவிடக் குறைவாகத்தான் முயற்சி செய்கிறார். உங்கள் மாணவர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்ட வேண்டாம். தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் யாரும் அப்படித்தான். நான்கு பேர் போதும்.

குழுவை நீங்களே பிரியுங்கள். அவர்களை விட்டால் ஒரே ஊர், ஒரே பஸ் ரூட், ஒரே பள்ளி, ஒரே சாதி என்று சேர்ந்துகொள்வார்கள். யாரும் கூப்பிடாத நான்கைந்து பேர் மிஞ்சி நிற்பார்கள், அந்த மிஞ்சி நிற்கும் நிமிஷம் அவர்களுக்கு ஆறாத வடு. பெண்பிள்ளைகள் பக்கம், பையன்கள் பக்கம் என்று பிரிந்து கிடக்கும் வகுப்பில் கலந்து போடும்போது, வேலையை வகுப்பு நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், கடையில் பகுதிநேர வேலைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். "வெளியே மீட் பண்ணிச் செய்யுங்கள்" என்றால் ஹாஸ்டலில் இருப்பவர்கள் தலையில்தான் எல்லாம் விழும்.

வேலையைப் பிரிக்கும் விதத்துக்கு எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் செய்ததைப் பாருங்கள். அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த சமயம். வகுப்பில் பகையும் அடிதடியுமாக இருந்தது. அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். ஒருவர் துண்டு இன்னொருவரிடம் இல்லை, தேர்வோ முழுப் பாடத்திலும். அதனால் தாங்கள் மட்டம் தட்டிய பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுத்தான் தீர வேண்டியிருந்தது. சாதி பார்த்து விலகி உட்காரும் நம் வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பஸ் விஷயத்தையே நான்கு துண்டாக்கலாம். ஒருவர் பயணம் செய்யும் மூன்று பெண்களிடம் மாதச் செலவைக் கேட்டு வரட்டும். ஒருவர் அரசு பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகையைத் தேடட்டும். ஒருவர் ஷேர் ஆட்டோ, மினி பஸ் ஓட்டுபவர்களிடம் பேசட்டும். ஒருவர் பெண்கள் வேலைக்குப் போகும் தூரம் மாறியிருக்கிறதா என்று விசாரிக்கட்டும். ஒவ்வொருவருக்கும் மற்ற மூவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம். அதன் பின் நான்கு பகுதியிலும் கேள்வி வரும் சின்ன டெஸ்ட், தனித்தனியாக. அந்த அமைதியான மாணவி, மூன்று பேர் தன் வாயைப் பார்த்துக் காத்திருக்கும் இடத்தில் பேசித்தான் ஆக வேண்டும். 58 பேர் முன்னால் எழுந்து நிற்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

லீடர், எழுதுபவர், பிபிடி போடுபவர், பேசுபவர் என்று பொறுப்பு கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அழகான கையெழுத்து என்று எழுதுவது எப்போதும் ஒரு பெண், பேசுவது எப்போதும் அந்த இங்கிலீஷ் மீடியம் பையன் என்று உறைந்துவிடும். யார் வகுப்பில் வந்து சொல்வது என்பதை அன்றைக்குச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சீட்டுக் குலுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது நான்கு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டியது குழுவின் கவலை ஆகிவிடும், ஒருவர் செய்து ஒருவர் வாசிக்கும் வழி அடைபடும். சீட்டில் வந்தவர் திணறினால் குழுவில் யாரும் எடுத்துக்கொடுக்கலாம் என்றும் வையுங்கள். அவரால் மார்க் போயிற்று என்ற பழி விழக் கூடாது.

மார்க்கில் பெரிய பங்கு தனிநபருக்கு இருக்கட்டும். 10 என்றால் 4 குழுவுக்கு, 6 தனியாக. முடிந்த அன்றே வகுப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் கையால் எழுதவையுங்கள்: குழு என்ன கண்டுபிடித்தது, இதில் நீ செய்தது என்ன, குழுவின் முடிவில் நீ ஏற்காதது என்ன. மூன்றாவது கேள்விக்கு எழுதத் தெரிந்தவர் உள்ளே இறங்கி வேலை செய்தவர்தான். மாணவர்களே ஒருவருக்கொருவர் மார்க் போடும் முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். நட்பும் பகையும் சாதியும் அந்த மார்க்கில் புகுந்துவிடும். யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், மார்க் உங்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு அழுகிறவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். அவர் உழைப்பு உண்மை, வருத்தமும் உண்மை. ஆனால் பல தடவை, மற்றவர்கள் செய்தால் கெட்டுவிடும் என்று அவரே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் சுமாராகச் செய்ததைத் தூக்கிப்போடாமல் சேர்ந்து சரிசெய்யப் பழகுவது அவர் கற்க வேண்டிய பாடம். வகுப்பில் பேசும் அந்த ஐந்து பேரையும் அடக்கிவிடாதீர்கள். இதுவரை வகுப்பைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். "மூன்று புதுக் குரல் வந்த பிறகு உன் முறை, அவர்கள் சொன்னதில் ஒன்றை எடுத்து மேலே கொண்டுபோ" என்று வேலை கொடுங்கள், செய்வார்கள்.

துறைத் தலைவர் கவலையும் நியாயமானதே. பல்கலைக்கழகத் தேர்வானாலும் தன்னாட்சித் தேர்வானாலும் 75 மார்க் எழுத்துக்குத்தான். எல்லா வகுப்பையும் விவாதமாக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் முழுதாக, மற்ற நாட்களில் பத்து நிமிஷம் என்று அவரிடம் எழுதிக் கொடுங்கள். எந்த அலகு எந்த வாரம் முடியும் என்ற அட்டவணையையும் அதோடு இணைத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு, விரிவுரையில் புரியவைக்கக் கஷ்டமான அலகுகளாகப் பார்த்து எடுங்கள். போர்ஷன் பின்தங்காது. முதல் விவாத வகுப்புக்கு அவரையும் கூப்பிட்டு, கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் அரைப் பக்கச் சீட்டுகளில் பத்தை எடுத்து அவர் மேஜையில் வையுங்கள். அதைப் படித்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.